139 வாடிக்கையாளர்கள், ஒருவருக்கும் தொற்று இல்லை: ஸ்பிரிங்ஃபீல்ட் சலூன் நிகழ்வை எப்படிப் படிப்பது?

முகக்கவசம் பற்றிய எந்த விவாதத்திலும் யாராவது ஒருவர் இந்தச் சம்பவத்தை எடுத்துப்போடுவார். "கொரோனா இருந்த இரண்டு பேர் 139 பேருக்கு முடி வெட்டினார்கள், ஒருவருக்கும் வரவில்லை" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார். அந்த ஒரு வரி பொய்யில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் விவரங்களைப் பிரித்துப் பார்த்தால், முகக்கவசத்துக்கு ஆதரவாகச் சிலவும், அவசர முடிவுக்கு எதிராகச் சிலவும் கிடைக்கின்றன. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதே இந்த ஆய்வு.

நடந்தது என்ன

இடம், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் நகரம். 2020 மே 12 அன்று அங்கே ஒரு சலூனில் வேலை செய்த முடிதிருத்தும் ஊழியர் ஒருவருக்குச் சளி, இருமல் வகை அறிகுறிகள் தொடங்கின. இவரை முதலாமவர் என்று வைத்துக்கொள்வோம். அறிகுறி தொடங்கிய நாளை 0ஆம் நாள் என்று கணக்கிடுவோம். அவர் விடுப்பு எடுக்கவில்லை. 8ஆம் நாள் பரிசோதனை முடிவு பாசிட்டிவ் என்று வரும்வரை வாடிக்கையாளர்களுக்கு முடி வெட்டிக்கொண்டுதான் இருந்தார். அதே கடையில் வேலை செய்த இரண்டாமவருக்கு 3ஆம் நாள், அதாவது மே 15 அன்று, அறிகுறி தெரிந்தது. அவரும் 8ஆம் நாள் வரை வேலை செய்தார். அவருடைய முடிவு 10ஆம் நாள் வந்தது, அதுவும் பாசிட்டிவ். அதன் பிறகு கடையை 3 நாட்கள் மூடி, கை படும் இடங்களையெல்லாம் கிருமிநாசினியால் துடைத்தார்கள்.

அறிகுறி தொடங்கியதிலிருந்து வேலையை நிறுத்தும்வரை இந்த இருவரும் நேரடியாகக் கவனித்த வாடிக்கையாளர்கள் 139 பேர். ஒருவர் 8 நாட்கள், மற்றவர் 5 நாட்கள். முகக்கவசம் அணிய வேண்டும் என்பது நகர நிர்வாகத்தின் பரிந்துரை, கடையின் விதியும் அதுவே. காத்திருக்கும் இடத்தில் வழக்கமான இருக்கைகளில் 25 சதவீதத்துக்கு மேல் ஆட்கள் இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது.

வாடிக்கையாளர்களுடன் இருந்த நேரம் முழுவதும் முதலாமவர் இரண்டு அடுக்குப் பருத்தித் துணி முகக்கவசம் அணிந்திருந்தார். இரண்டாமவர் அதே போன்ற துணிக் கவசமோ, சர்ஜிக்கல் மாஸ்க்கோ அணிந்திருந்தார். என்95 இல்லை, முகத்தோடு ஒட்டிய பொருத்தம் இல்லை, சிறப்பு ஏற்பாடு எதுவும் இல்லை. அன்றைக்கு எல்லோரும் போட்டிருந்த சாதாரணக் கவசம்தான்.

உள்ளூர்ப் பொது சுகாதாரத் துறை 139 பேரையும் கண்டுபிடித்து, 14 நாட்கள் தனிமையில் இருக்கச் சொல்லி, தினமும் அறிகுறி விசாரித்தது. ஒருவருக்கும் அறிகுறி வரவில்லை. பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டவர்கள் 67 பேர். 67 மூக்குச்சளி மாதிரிகளும் நெகட்டிவ். மற்ற 72 பேர் பரிசோதனை வேண்டாம் என்றுவிட்டார்கள். கடையின் மற்ற ஊழியர்களுக்கும் அறிகுறி எதுவும் தென்படவில்லை. 2020 ஜூலை 17 தேதியிட்ட சி.டி.சி. (அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம்) வார இதழில் இது அறிக்கையாக வெளிவந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பே, எல்லோரும் முகக்கவசம் அணிய வேண்டும் என்று கேட்டுக்கொண்ட அன்றைய சி.டி.சி. தலைவர் ராபர்ட் ரெட்ஃபீல்ட் இந்தச் சலூனை உதாரணம் காட்டிவிட்டார்.

நாற்காலியில் எவ்வளவு நேரம்

பின்னர் நடந்த நேர்காணலில் 104 பேர் பதில் சொன்னார்கள். சராசரியாக நாற்காலியில் இருந்த நேரம் 19.5 நிமிடம், இடைநிலை 15 நிமிடம், மிக நீண்டது 45 நிமிடம். 104 பேரில் 102 பேர் முழு நேரமும் முகக்கவசம் அணிந்திருந்ததாகச் சொன்னார்கள். 2 பேர் சிறிது நேரம் மட்டும். கவசத்தின் வகை: துணி 49, சர்ஜிக்கல் 48, என்95 வெறும் 5, மீதி 2 பேருக்கு எது என்று தெரியவில்லை.

இந்த எண்களில் கவனிக்க வேண்டியது, நேரம். வண்ணம் பூசுவது, சுருள் போடுவது போன்ற மணிக்கணக்கான வேலைகள் நடந்த கடையாக இது தெரியவில்லை. பெரும்பாலும் கால் மணி நேர வேலை. காற்றில் மிதக்கும் துகள்கள் வழியாகப் பரவும் நோய்க்கு மூச்சில் ஏறும் மொத்த அளவுதான் கணக்கு: காற்றில் உள்ள செறிவு, மூச்சின் அளவு, நேரம் ஆகிய மூன்றின் பெருக்கல். 15 நிமிடத்தில் பாதுகாப்பாகத் தெரிந்த ஏற்பாடு 2 மணி நேரத்தில் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்த நிகழ்வைக் காட்டி முழு நாள் அலுவலகத்துக்கோ வகுப்பறைக்கோ துணிக் கவசம் போதும் என்று வாதிட்டவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்கினார்கள்.

அடுத்தது, நிற்கும் விதம். முடி வெட்டுபவர் பெரும்பாலும் பின்னாலோ பக்கவாட்டிலோ நிற்கிறார். வாடிக்கையாளர் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். பேச்சு இருவரிடமிருந்தும் முன்னோக்கித்தான் போகிறது. முகத்துக்கு முகம் 30 செ.மீ. தூரத்தில் பேசுவதை விட இது பாதுகாப்பான அமைப்பு. ஆனால் தலைக்கு மேலே மூச்சு விழும் தூரம் அரை மீட்டர் கூட இருக்காது என்பதால், பாதுகாப்பை முழுக்க நிற்கும் விதத்தின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது.

பரவியது எங்கே

அறிக்கையின் மிக முக்கியமான பகுதி இதுதான். அதிகம் பேசப்படாத பகுதியும் இதுதான். இருவருக்கும் சலூனுக்கு வெளியே 6 நெருங்கிய தொடர்புகள் இருந்தன. முதலாமவருக்கு 4, இரண்டாமவருக்கு 2. முதலாமவரின் 4 பேருக்கும், அதாவது கணவர், வேறு வீட்டில் வசித்த மகள், மருமகன், அவர்களோடு தங்கியிருந்தவர் என நால்வருக்கும், அறிகுறி வந்து பரிசோதனையும் பாசிட்டிவ் ஆனது. இரண்டாமவரின் 2 பேருக்கும் ஒன்றும் வரவில்லை.

கடைக்குள்ளே, வாடிக்கையாளர் இல்லாத இடைவேளைகளில் இந்த இரு ஊழியர்களும் முகக்கவசம் இல்லாமல் ஒருவரோடு ஒருவர் பழகியிருக்கிறார்கள். முதலாமவருக்கு அறிகுறி வந்த 3ஆம் நாளே இரண்டாமவருக்கும் வந்தது.

ஆக, முதலாமவரின் உடலில் இருந்த வைரஸ் பரவும் நிலையில்தான் இருந்தது. "அவரிடம் உயிருள்ள வைரஸே இல்லாமல் இருந்திருக்கலாம்" என்ற எளிய விளக்கத்துக்கு இடமில்லை. கவசம் இல்லாத இடங்களில் பரவியது; கவசம் இருந்த நாற்காலியில் பரவியதாகத் தெரியவில்லை. ஒரே ஆள், ஒரே வாரம், இரண்டு சூழல். இயற்கையாகவே அமைந்த ஒப்பீடு என்பதால்தான் நிபுணர்கள் இந்தச் சிறிய நிகழ்வை இவ்வளவு மதித்தார்கள்.

ஆனால் வீட்டையும் நாற்காலியையும் பிரிப்பது கவசம் மட்டும்தானா? வீட்டில் மணிக்கணக்கில் சேர்ந்து இருக்கிறார்கள், சேர்ந்து சாப்பிடுகிறார்கள். நாற்காலியில் 15 நிமிடம். இடைவேளையில் சக ஊழியரோடு பழகிய நேரமும் வாரக் கணக்கில் கூட்டினால் எந்த வாடிக்கையாளரையும் விட அதிகமாகத்தான் இருந்திருக்கும். கவசத்தின் பங்கு எவ்வளவு, நேரத்தின் பங்கு எவ்வளவு என்று இந்தத் தரவை வைத்துப் பிரிக்க வழியில்லை.

பூஜ்யத்தின் எடை

67 பேரில் 0 என்றால் ஆபத்து பூஜ்யம் என்று பொருளாகாது. புள்ளியியலில் எளிய விதி ஒன்று உண்டு: n பேரில் ஒருவருக்கும் நிகழவில்லை என்றால், உண்மையான விகிதம் 3/n வரை இருந்திருக்கலாம் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 3/67 என்பது சுமார் 4.5 சதவீதம். அதாவது 100 வாடிக்கையாளர்களில் 4 பேருக்குத் தொற்றும் ஆபத்து இருந்திருந்தாலும், 67 பேரில் பூஜ்யம் வருவது நடக்கக்கூடியதே. அறிகுறியை மட்டும் அளவுகோலாக வைத்து 139 பேரையும் எடுத்தால் அது 2.2 சதவீதமாக இறங்கும். ஆனால் அறிகுறியே இல்லாத தொற்றுகளை அந்த அளவுகோல் பிடிக்காது.

இதை எதோடு ஒப்பிடுவது? 2020 தொடக்கத்தில், வீட்டுக்கு வெளியே கால் மணி நேரம் பழகியவர்களில் தொற்று ஏற்பட்டவர்களின் பங்கு பல ஆய்வுகளில் ஒற்றை இலக்கச் சதவீதமாகவே இருந்தது. அப்படியென்றால் கவசமே இல்லாமலும் ஒரு சிலருக்கு மட்டுமே தொற்றியிருக்கும், நல்ல நாளில் ஒருவருக்கும் தொற்றாமலும் இருந்திருக்கும் என்ற வாதத்தை ஒரேயடியாக ஒதுக்க முடியாது.

அதோடு, இந்த வைரஸ் எல்லோரிடமிருந்தும் ஒரே சீராகப் பரவாது. தொற்று உள்ளவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேரே பெரும்பான்மைப் பரவலுக்குக் காரணம் என்று கணித்தார்கள். மற்றவர்கள் ஒருவருக்கும் கொடுக்காமல் குணமாகிவிடுகிறார்கள். இங்கே பரப்பும் வாய்ப்பு இருந்தவர்கள் இரண்டே பேர். 139 என்ற எண் பெரிதாகத் தெரிந்தாலும், சுயேச்சையான சோதனை என்று பார்த்தால் எண்ணிக்கை 2தான். முதலாமவர் கடைக்கு வெளியே நால்வருக்குக் கொடுத்ததால் அவர் கணக்கில் வருகிறார். இரண்டாமவர் வெளியிலும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. எனவே அவருடைய வாடிக்கையாளர்கள் தப்பியதற்குக் கவசத்தைப் புகழ்வது கொஞ்சம் அவசரம்.

இன்னொரு ஓட்டை. இந்த நோயில் வைரஸ் வெளியேற்றம் அறிகுறி தொடங்குவதற்கு 2, 3 நாட்கள் முன்பே உச்சத்தை நெருங்குகிறது. தொடர்பு கண்டறிதலோ அறிகுறி தொடங்கிய நாளிலிருந்துதான் ஆரம்பித்தது. மே 10, 11 தேதிகளில் முதலாமவரிடம் முடி வெட்டியவர்கள் இந்த 139 பேரில் இல்லை. ஆபத்து அதிகமாக இருந்திருக்கக்கூடிய நாட்கள் கணக்குக்கே வரவில்லை. அறிக்கை எழுதியவர்கள் இதை மறைக்கவில்லை. வரம்புகள் பகுதியில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். மேற்கோள் காட்டியவர்கள்தான் அந்தப் பத்தியை விட்டுவிட்டார்கள்.

கவசம் இல்லாத அறை

எதிர்ப்பக்க உதாரணம், அதே நாட்டில் இரண்டு மாதம் முன்பு நடந்தது. 2020 மார்ச் 10 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காகிட் வட்டாரத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். ஒருவருக்கு முன்பே அறிகுறி. முடிவில் 53 பேருக்கு நோய் (33 பேருக்குப் பரிசோதனையில் உறுதியானது, 20 பேருக்கு இருக்கக்கூடும் என்று கணிக்கப்பட்டது), 2 பேர் இறந்தார்கள். அன்றைக்குப் பொதுமக்கள் பெரும்பாலும் முகக்கவசம் அணியவில்லை, சி.டி.சி. துணிக் கவசத்தைப் பரிந்துரைத்ததே ஏப்ரல் 3 அன்றுதான்.

சலூனையும் பாடகர் குழுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "கவசம் இருந்தது, கவசம் இல்லை" என்று படம் போட்டவர்கள் பலர். அது நேர்மையான ஒப்பீடு இல்லை. பாடுவது பேசுவதை விடப் பல மடங்கு துகள்களை வெளியேற்றும். நேரம் பத்து மடங்கு. எல்லோரும் ஒரே அறையில். ஸ்காகிட் காட்டுவது வேறொன்று: இந்த வைரஸ் மூடிய அறையில் காற்று வழியாக எவ்வளவு தூரம் போகும் என்பதை. காற்று வழி என்று ஒப்புக்கொண்ட பிறகு, கவசத்தை அளக்கும் அளவுகோலே மாறிவிடுகிறது. எச்சில் தெறிப்பதைத் தடுத்தால் போதாது, மிதக்கும் நுண்துகளையும் பிடிக்க வேண்டும்.

துணி எப்படித் தடுக்கிறது, எங்கே கோட்டை விடுகிறது

"வைரஸின் அளவு 0.1 மைக்ரான், துணியின் துளை அதைவிடப் பெரியது, கொசுவலையில் மணல் தடுபடுமா?" என்ற கேள்வி 2020 முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. இரண்டு தவறுகள் அதில். முதலாவது, வைரஸ் தனியாகப் பறப்பதில்லை. உப்பும் புரதமும் சளியும் கலந்த துகளுக்குள் வருகிறது. அந்தத் துகள்களில் பெரும் பங்கு ஒரு மைக்ரானைச் சுற்றியும் அதற்கு மேலும் இருக்கும். இரண்டாவது, வடிகட்டி என்பது சல்லடை இல்லை. பெரிய துகள்கள் காற்று வளையும்போது கூடவே வளைய முடியாமல் இழையில் மோதி ஒட்டுகின்றன. மிகச் சிறியவை தாறுமாறாக அலைந்து இழையைத் தொட்டுவிடுகின்றன. தொட்டது திரும்பிப் போகாது. இரண்டு முறைகளும் வலுவிழக்கும் இடைப்பட்ட அளவு, சுமார் 0.3 மைக்ரான், என்95ஐ அந்த அளவில்தான் சோதிக்கிறார்கள், 95 சதவீதம் பிடிக்க வேண்டும் என்று.

என்95இலும் நல்ல சர்ஜிக்கல் மாஸ்க்கிலும் நடுவில் இருப்பது மெல்ட்-ப்ளோன் எனப்படும் பாலிபுரொப்பிலீன் அடுக்கு. அதற்கு நிரந்தர நிலைமின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். துகளை இழுத்துப் பிடிப்பதில் பெரும்பகுதி அந்த மின்னூட்டத்தின் வேலை. சோப்பு நீரில் துவைத்தாலோ சானிடைசர் தெளித்தாலோ மின்னூட்டம் போய்விடும். வெளியிலிருந்து பார்க்கப் புதிது போலவே இருக்கும், வடிகட்டும் திறன் மட்டும் காணாமல் போயிருக்கும். திரும்பப் பயன்படுத்த வேண்டுமானால் காகிதப் பையில் போட்டு, 5 நாட்கள் உலர விட்டு, சுழற்சியில் எடுப்பதே பாதுகாப்பான வழி. பிளாஸ்டிக் பை ஈரத்தைப் பூட்டி வைக்கும்.

ஆனால் துணியின் தரத்தை விடப் பெரிய பிரச்சினை, ஓரம். காற்று எப்போதும் எளிய வழியைத் தேடும். மூக்கின் இரு பக்கமும் கன்னத்திலும் இடைவெளி இருந்தால், மூச்சின் கணிசமான பங்கு துணி வழியாக வராமல் அங்கேயே போய்விடும். கவசப் பரப்பில் 1, 2 சதவீதம் இடைவெளி இருந்தாலே வடிகட்டும் திறன் பாதிக்குக் கீழே இறங்கக்கூடும். தொழிற்சாலைகளில் என்95க்குப் பொருத்தச் சோதனை செய்யும்போது, வெளியே உள்ள துகள்கள் உள்ளே உள்ளதைப் போல் 100 மடங்கு இருந்தால்தான் தேர்ச்சி. சர்ஜிக்கல் மாஸ்க்குக்கு அந்த எண் பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான்.

அப்படியானால் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஓட்டைக் கவசங்களால் என்ன பயன்? முடி வெட்டியவர், வாடிக்கையாளர் என இரு பக்கமும் அணிந்திருந்தார்கள் என்பதுதான் பதில். ஒரு கற்பனைக் கணக்கு: நோயாளியின் கவசம் வெளியேறுவதில் 50 சதவீதத்தைத் தடுக்கிறது, எதிரில் இருப்பவரின் கவசம் உள்ளே வருவதில் 30 சதவீதத்தைத் தடுக்கிறது என்று கொள்வோம். மீதி 0.5 × 0.7 = 0.35. தனித்தனியாகச் சுமாரான இரண்டு தடுப்புகள் சேர்ந்து மூச்சில் ஏறும் அளவை மூன்றில் ஒரு பங்காக்குகின்றன. வெளியேறும் பக்கத்தில் பலன் கூடுதலாக இருப்பதற்கும் காரணம் உண்டு: வாயிலிருந்து புறப்படும் கணத்தில் துகள் ஈரமாக, பெரிதாக இருக்கிறது, காற்றில் வந்ததும் நீர் வற்றிச் சுருங்குகிறது. பெரிதாக இருக்கும்போதே பிடிப்பது எளிது. 2021 பிப்ரவரியில் சி.டி.சி. பொம்மைத் தலைகளை வைத்துச் செய்த சோதனையில், இரு தலைகளுக்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கின் மேல் துணிக் கவசம் போட்டபோதும், காதுக் கயிறை முடிச்சிட்டு ஓரங்களை உள்ளே மடித்தபோதும், எதிர்த் தலையை அடைந்த துகள்கள் 95 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. பொம்மை தாடையை அசைக்காது, மூக்கைச் சொறியாது. மனித முகத்தில் அந்த எண்ணை எதிர்பார்க்கக் கூடாது. இரு பக்கமும் அணிந்தால் பலன் பெருகும் என்ற கணக்கு மட்டும் அங்கே கண்கூடாகத் தெரிந்தது.

பெரிய ஆய்வுகள் சொன்னது

ஒரு சலூனில் பதில் கிடைக்காத கேள்விக்கு ஆயிரக்கணக்கான ஆட்கள் தேவை. டென்மார்க்கில் 2020 ஏப்ரல், மே மாதங்களில் 6,024 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 4,862 பேர் முடித்தார்கள். கவசம் அணியச் சொன்ன தரப்பில் 1.8 சதவீதம் பேருக்குத் தொற்று, மற்ற தரப்பில் 2.1 சதவீதம். நம்பிக்கை எல்லை, அதாவது உண்மையான பலன் இருக்கக்கூடிய வீச்சு, ஆபத்து 46 சதவீதம் குறைவதிலிருந்து 23 சதவீதம் கூடுவது வரை. "பலனில்லை என்று நிரூபணம்" என்று செய்தி வந்தது. உண்மையில் அந்த எல்லைக்குள் எதுவும் அடங்கும். அறிவுறுத்தியபடி அணிந்ததாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. அணிபவரைக் காக்கிறதா என்று மட்டுமே அது கேட்டது. அணிபவரிடமிருந்து மற்றவரைக் காக்கிறதா என்பது, சலூனில் முக்கியமாக இருந்த கேள்வி, அங்கே அளக்கப்படவே இல்லை.

வங்கதேச ஆய்வு அந்தக் குறையை நேராக்க ஊரையே அலகாக எடுத்தது. 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை 600 கிராமங்கள், 3,42,183 பெரியவர்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஜேசன் அபலக், முஷ்ஃபிக் மொபாரக் குழுவினர் பாதிக் கிராமங்களில் இலவசமாகக் கவசம் கொடுத்து, கடைத்தெருவிலும் மசூதியிலும் ஆள் நிறுத்தி நினைவூட்டினார்கள். சரியாக அணிபவர்கள் 13.3 சதவீதத்திலிருந்து 42.3 சதவீதம் ஆனார்கள். இரத்தப் பரிசோதனையில் உறுதியான, அறிகுறி உள்ள தொற்று சுமார் 9.5 சதவீதம் குறைந்தது. சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் சுமார் 11 சதவீதம். அங்கே 60 வயதைத் தாண்டியவர்களில் 35 சதவீதம். துணிக் கவசக் கிராமங்களில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை.

9.5 சதவீதம் என்றதும் உதட்டைப் பிதுக்குகிறவர்கள், அணிந்தவர்கள் கூடியது 29 புள்ளிகள்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஊரில் பாதிக்கு மேல் அப்போதும் கவசம் இல்லை. அதே நேரம் இந்த ஆய்வுக்கும் குறைகள் உண்டு: யார் எந்தத் தரப்பு என்பது எல்லோருக்கும் தெரியும், கவசம் கொடுத்த ஊர்களில் மக்கள் சற்று விலகியும் நின்றார்கள் (24.1இலிருந்து 29.2 சதவீதம்), ஆய்வில் சேர இசைந்தவர்களின் எண்ணிக்கையும் இரு தரப்பிலும் சமமாக இல்லை. மறு ஆய்வு செய்தவர்கள் அந்தக் கடைசிக் குறையைப் பிடித்துக் கடுமையாகவே விமர்சித்தார்கள்.

2023 ஜனவரியில், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, குலுக்கல் ஆய்வுகளைத் தொகுத்து, சமூகத்தில் கவசம் அணிவது அநேகமாகச் சிறிதளவே வேறுபாடு தருகிறது அல்லது தரவில்லை என்று எழுதியது. "மாஸ்க் வேலை செய்யாது" என்று அதைப் படித்தார்கள். மார்ச்சில் காக்ரேனின் தலைமை ஆசிரியர் கார்லா சோரஸ்-வைசர் அந்த வாசிப்பு பிழையானது, தவறான வழிகாட்டுவது என்று அறிக்கை விட வேண்டியிருந்தது. அந்த ஆய்வுகள் அளந்தது கவசத்தை ஊக்குவிக்கும் திட்டத்தின் பலனை. கொடுத்த கவசத்தைப் பையில் வைத்துக்கொண்டவரும் "கவசத் தரப்பில்" ஒருவராகவே எண்ணப்படுகிறார். நார்வேயில் 2023இல் 4,647 பேரிடம் நடந்த ஆய்வில் இரண்டு வாரங்களில் சுவாச அறிகுறி சொன்னவர்கள் கவசத் தரப்பில் 8.9, மற்றதில் 12.2 சதவீதம். தாங்களே சொன்ன அறிகுறி என்பதால் அதிலும் சாய்வுக்கு இடமுண்டு.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டால் தெரிவது: ஊர் அளவில் பலன் சிறியது அல்லது நடுத்தரமானது, இருவரும் விடாமல் அணியும் குறுகிய சந்திப்பில் அதைவிட நல்லது. ஸ்பிரிங்ஃபீல்ட் இரண்டாவது வகை. 98 சதவீதம் பேர் முழு நேரமும் அணிந்த இடத்தை, 42 சதவீதம் பேர் அணிந்த ஊரோடு ஒப்பிட்டால் முடிவு வேறுபடத்தான் செய்யும்.

சலூன் நாற்காலிக்கான நடைமுறை

முடி வெட்டும் இடத்தில் கவசம் தோற்பது பெரும்பாலும் காதோரத்தில். கத்தரி காதைச் சுற்றி வரும்போது கயிறு குறுக்கே நிற்கும். வாடிக்கையாளர் ஒரு பக்கத்தைக் கழற்றுவார், கவசம் கன்னத்தில் தொங்கும், மூக்கு திறந்துவிடும். கையால் பிடித்துக்கொள்ளச் சொன்னால் கை போர்வைத் துணிக்கு அடியில் இருக்கும். இதற்கு எளிய வழி, மருந்துக்கடை மைக்ரோபோர் டேப். 5 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, கிருதாவுக்கு முன்னால் கன்னத்தில் கவசத்தின் இரு ஓரங்களையும் ஒட்டிய பிறகு கயிறைக் கழற்றலாம். கன்னத்து ஓட்டையும் கூடவே அடைபடும். முகத்தில் எண்ணெய், வியர்வை இருந்தால் டேப் நிற்காது. முதலில் துடைக்க வேண்டும். தலைக்குப் பின்னால் போகும் இரட்டைப் பட்டை என்95 வாடிக்கையாளருக்குச் சரிப்படாது, முடி வெட்டுபவருக்கு அதுவே சிறந்தது.

சவரமும் தாடி திருத்தமும் கவசத்தோடு நடக்காது. நோய் பரவும் காலத்தில் அந்த வேலையைத் தள்ளிப்போடுவதே சரி. தவிர்க்க முடியாவிட்டால் ஊழியர் பொருத்தமான என்95 அணிந்து, பேச்சைக் குறைத்து, வேலையைச் சுருக்க வேண்டும்.

ஊழியர் என்95ஐச் சரி பார்க்கும் முறை: மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளாமல், இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்திப் படிய வைக்க வேண்டும். இரு உள்ளங்கையாலும் கவசத்தை மூடி வேகமாக மூச்சு விட்டால் ஓரத்தில் காற்று படக் கூடாது. மூக்குக்கண்ணாடியில் பனி படிந்தால் மூக்கோரம் ஒழுகுகிறது என்று அர்த்தம். இரண்டு நாள் தாடி போதும், விளிம்பு படியாது. வால்வு வைத்தது வேண்டாம்: அணிபவரைக் காக்கும், ஆனால் அவர் விடும் மூச்சை வடிகட்டாமல் வெளியே தள்ளும். 2020 ஜூலையில் இந்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் மாநிலங்களுக்கு எழுதி எச்சரித்ததும் இதைத்தான். இந்தியாவில் வாங்குபவர்கள் இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 9473உம், என்95க்கு ஏறத்தாழ இணையான எஃப்.எஃப்.பி.2 குறியும் உள்ளதைப் பார்த்து எடுக்கலாம்.

காற்றோட்டத்துக்கு ஒரு கணக்கு. 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள கடையின் கொள்ளளவு 90 கன மீட்டர். மணிக்கு 5 முறை காற்று மாற வேண்டும் என்பது 2023இல் சி.டி.சி. வைத்த இலக்கு, அதற்கு மணிக்கு 450 கன மீட்டர் சுத்தக் காற்று வேண்டும். ஸ்பிளிட் ஏசி இதில் பூஜ்யம். அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர வைத்துச் சுற்றிவிடும். ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ப்பக்கம் திறந்த ஜன்னல் போதும். கரியமில வாயு மீட்டர் 800 பி.பி.எம்.க்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் 800 பங்கு) கீழே காட்டினால் அந்த ஆள் எண்ணிக்கைக்கு ஓரளவு சரி.

ஊழியர்கள் டீ குடிக்கும் இடத்தை மறந்துவிடக் கூடாது. ஸ்பிரிங்ஃபீல்டில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போயிருக்கக்கூடிய வழி அதுதான். இடைவேளை ஆளுக்கொரு நேரம், முடிந்தால் கடைக்கு வெளியே. காய்ச்சல், இருமலோடு வருபவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு இல்லையென்றால் அவர் சொல்ல மாட்டார். 8 நாள் வேலை செய்வார்.

அடுத்த முறை ஆராய்பவர்கள் பதிய வேண்டியவை

இதே போன்ற நிகழ்வு திரும்ப நடந்தால், கணக்கை அறிகுறி தொடங்கியதற்கு 2, 3 நாட்கள் முன்பிருந்து எடுக்க வேண்டும். ஒவ்வொருவர் நாற்காலியில் இருந்த நிமிடம், கவசத்தின் வகை, கழற்றிய நேரம் ஆகியவற்றை நினைவை நம்பாமல், முன்பதிவுப் பட்டியலிலிருந்தும் கடைக் கேமராவிலிருந்தும் எடுக்கலாம். எக்ஸாஸ்ட் ஓடியதா, கதவு திறந்திருந்ததா என்பதை அந்த வாரத்திலேயே அளக்க வேண்டும். சலூன் அறிக்கையில் காற்றோட்டம் பற்றிய அளவீடு இல்லை. ஊழியர்களின் மாதிரியையும் வீட்டாரின் மாதிரியையும் மரபணு வரிசைப்படுத்தினால், யாரிடமிருந்து யாருக்கு என்ற ஊகத்துக்கு விடை கிடைக்கும். மூக்குச்சளி மாதிரியை 5ஆம் நாளை ஒட்டி ஒரு முறையும் பிறகு ஒரு முறையும் எடுப்பது நல்லது. அது வேண்டாம் என்பவர்களிடம் 3, 4 வாரம் கழித்து ஒரு சொட்டு இரத்தம் கேட்டுப் பார்க்கலாம். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஆன்டிபாடி சோதனைக்கு மூக்கில் குச்சி விடுவதை விட எளிதாக ஆட்கள் ஒப்புக்கொள்வார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் மறுத்த 72 பேரிடம் அது நடந்திருந்தால், பூஜ்யத்தின் எல்லை 4.5 சதவீதத்திலிருந்து 2.2க்கு இறங்கியிருக்கும், அல்லது பூஜ்யமே மாறியிருக்கும்.